கஞ்சி மட்டும் போதாது: இம்ப்ளான்ட் வைத்த ஒரு சர்க்கரை நோயாளியின் சாப்பாடு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

பல் இம்ப்ளான்ட், அதாவது இழந்த பல்லுக்குப் பதிலாகத் தாடை எலும்பில் பதிக்கும் திருகு, வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். மிருதுவான உணவு சாப்பிடவும், சூடாக எதுவும் வேண்டாம், ஸ்ட்ரா வேண்டாம், எதிர்ப் பக்கம் மெல்லவும். நான்கும் சரியானவைதான். ஆனால் அந்தச் சீட்டு சமையலறைக்குப் போனதும் நம் வீடுகளில் ஒரே பொருளாகச் சுருங்கிவிடுகிறது, அதுதான் கஞ்சி. காலையில் கஞ்சி, இரவில் கஞ்சி, நடுவில் ரசம் விட்டுப் பிசைந்த குழைந்த சாதம். நல்ல உடல்நிலையில் இருக்கும் இளவயதுக்காரர் ஒரு வாரம் அப்படி ஓட்டினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. சர்க்கரை நோய் இருக்கிற, ஐம்பதைத் தாண்டிய ஒருவர் அப்படி ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த அம்மாவின் கதை நல்ல உதாரணம். நான் உணவு ஆலோசகர், பல் மருத்துவர் இல்லை. அதனால் அறுவை சிகிச்சையின் நுட்பங்களைத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்லிவிட்டு, தட்டில் என்ன விழுந்தது, என்ன விழுந்திருக்க வேண்டும் என்பதைத்தான் விரிவாக எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியும் விவரங்களை எல்லாம் எடுத்துவிட்டேன்.

யார், என்ன சிகிச்சை

வயது 58. திண்டுக்கல் பக்கம், மளிகைக் கடை நடத்தும் குடும்பம். பல வருடமாக டைப் 2 சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைட் என்று இரண்டு சர்க்கரை மாத்திரைகள் எடுக்கிறார். அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த ஹெச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 7.3. எடை 61 கிலோ. கீழ்த்தாடை வலது பக்கம் இரண்டு கடைவாய்ப் பற்கள் வெகு நாளைக்கு முன்பே பிடுங்கப்பட்டவை. இடது பக்கத்திலேயே மென்று மென்று அந்தப் பக்கப் பற்களும் தேய ஆரம்பித்ததால் இம்ப்ளான்ட் வைத்துக்கொள்ள முடிவு செய்தார். மரத்துப் போகும் ஊசி போட்டு, இரண்டு டைட்டானியம் திருகுகள் ஒரே நாளில் வைக்கப்பட்டன. ஈறுக்கு மேலே சிறிய உலோக மூடி தெரிகிற மாதிரி, அதாவது ஹீலிங் கேப் போட்டு, கறுப்புப் பட்டு நூலால் தையல். சிகிச்சை எந்தச் சிக்கலும் இல்லாமல் முடிந்தது. இந்த ஹீலிங் கேப் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஈறுக்கு அடியில் திருகை முழுதாக மூடித் தைத்திருந்தால் அதன் மேல் உணவு நேரடியாக மோதாது. கேப் வெளியே தெரிகிறது என்றால் நீங்கள் கடிக்கிற கடினமான எதுவும் அதன் மேல் மோதும், அந்த விசை நேராக எலும்புக்குள் இருக்கிற திருகுக்குப் போகும்.

தையல் பிரிக்கப் போன அன்று அவருக்கு உடம்பில் தெம்பே இல்லை, எடை 58.5-க்கு வந்திருந்தது. ஈறு ஒரு இடத்தில் சிவந்து லேசாக வாடை அடித்தது. பல் மருத்துவர் தையலைப் பிரிக்கும்போது நூல் முடிச்சை ஒட்டி ஒரு கடுகு இருந்தது. கறுப்பு நூல், கறுப்புக் கடுகு. வீட்டில் கண்ணாடி முன் நின்று டார்ச் அடித்துப் பார்த்த மகளுக்கு அது இன்னொரு முடிச்சாகத்தான் தெரிந்திருக்கிறது. இடுக்கியால் எடுத்து, உப்புக் கரைசலால் அந்த இடத்தைக் கழுவிவிட்டு, சாப்பாட்டைச் சரிசெய்யச் சொல்லி என்னிடம் அனுப்பினார். உணவு விஷயத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்று நினைக்கிற பல் மருத்துவர்கள் குறைவு, அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

அந்த நாட்களில் அவர் என்ன சாப்பிட்டார்

மகள் சர்க்கரை அளவையும் சாப்பாட்டையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஆய்வுக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. காலை ஒரு டம்ளர் அரிசி நொய்க் கஞ்சி, உப்பு மட்டும் போட்டது. பதினோரு மணிக்கு அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பால். மதியம் குழைந்த சாதம், தெளிவு ரசம், அல்லது தயிர் சாதம். மாலை பாலில் கலக்கிய மால்ட் பவுடர், சர்க்கரையோடு. இரவு மறுபடி கஞ்சி. கூட்டிப் பார்த்தால் புரதம் நாளைக்கு 25 கிராமைத் தாண்டவில்லை, மொத்தச் சக்தி 800 கலோரிக்குப் பக்கத்தில். காயம் ஆற வேண்டிய நேரத்தில், 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நான் குறைந்தது 70 முதல் 75 கிராம் புரதம் எதிர்பார்ப்பேன். அதில் மூன்றில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கிறது. ஈறு மூடுவதற்கும், திருகைச் சுற்றி எலும்பு வளர்வதற்கும் அடித்தளம் கொலாஜன் என்கிற புரதம். அதைக் கட்ட உடம்புக்குப் புரதமும் வேண்டும், வைட்டமின் சி-யும் வேண்டும். இரண்டும் இல்லாத சாப்பாடு இது.

இனி சர்க்கரை. இரண்டாம் நாள் காலை வழக்கம்போல கிளிமிபிரைட் மாத்திரையைப் போட்டுவிட்டார், ஆனால் வீக்கம் இருந்ததால் கஞ்சியில் பாதி டம்ளர்தான் இறங்கியது. பகல் பன்னிரண்டு மணி வாக்கில் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. குளுக்கோமீட்டரில் 58. கிளிமிபிரைட் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்ப்பதில்லை, கணையத்தை இன்சுலின் சுரக்க வைத்துவிடும். சாப்பாடு குறைந்தால் சர்க்கரை கீழே விழும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. மகள் பதறாமல் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பார்த்திருக்கிறார், 112. அவர் செய்தது மிகச் சரி. அவசரத்துக்கு மிட்டாயைக் கொடுத்துக் கடிக்கவோ சப்பவோ வைக்காமல் இருந்ததும் சரி.

ஆனால் அதற்கப்புறம் வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. சர்க்கரை இறங்கிவிடக் கூடாது என்று மாலை மால்ட் பானத்தில் சர்க்கரை சேர்ந்தது, கஞ்சியில் வெல்லம் சேர்ந்தது. நான்காம் நாள் கஞ்சி குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 268. ஏன் என்றால், நொய் ஏற்கெனவே உடைந்த அரிசி, அதை நீண்ட நேரம் வேகவைத்துக் கரைத்துக் குடிக்கும்போது மாவுச்சத்து செரிப்பதற்குத் தடையாக ஒன்றுமே இல்லை, வேகமாகச் சர்க்கரையாகி ரத்தத்தில் ஏறிவிடும். கேழ்வரகுக் கூழுக்கும் இது பொருந்தும். கேழ்வரகு சர்க்கரைக்கு நல்லது என்ற நம்பிக்கையில் மாவாக அரைத்துக் கரைத்துக் குடித்துவிட்டு அளவு ஏறுவதைப் பார்த்து அதிர்ச்சி அடைந்தவர்கள் நிறைய பேர். சர்க்கரை இப்படி ஏறிக்கொண்டே இருந்தால் வெள்ளை அணுக்கள் கிருமியை எதிர்க்கும் திறன் குறைகிறது, காயம் தாமதமாக ஆறுகிறது. ஆக ஒரே கஞ்சி, ஒரு நாள் சர்க்கரையை விழ வைத்தது, இன்னொரு நாள் ஏற்றிவிட்டது, இரண்டு நாளும் புரதம் கொடுக்கவில்லை.

வீட்டுப் பத்தியம்

மகள் சொன்னார்: "முட்டை குடுக்கலாம்னு நான் சொன்னேன் மேடம், பாட்டிதான் விடலை. புண்ணு இருக்கும்போது முட்டையும் மீனும் குடுத்தா சீழ் வைக்கும்னுட்டாங்க."

பாட்டி என்றது அந்த அம்மாவின் மாமியாரை, எண்பதைத் தாண்டியவர். அடுத்த முறை அவரையும் அழைத்து வரச் சொன்னேன், ஏனென்றால் அந்த வீட்டில் அடுப்படி முடிவு அவருடையது. அவர் பட்டியல் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். முட்டை சூடு, மீன் கரப்பான், கத்திரிக்காய் அரிப்பு, தக்காளி புளிப்பு, பருப்பு வாயு, தயிர் ராத்திரியில் ஆகாது. இதைக் கேட்டதும் மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது சுலபம், நான் அப்படிச் செய்வதில்லை. அவர் சொன்னதில் பாதி சரி. காரம், புளிப்பு, பொரித்தது, மெல்லக் கடினமானது எல்லாம் முதல் வாரத்தில் வாயில் இருக்கிற காயத்துக்கு உண்மையிலேயே ஆகாது. கத்திரிக்காய் விதையும் தக்காளி விதையும் தையல் இடுக்கில் சிக்கும், அதற்காகவே தவிர்க்கலாம். தவறு எங்கே என்றால், காயத்தைக் கட்டுகிற பொருட்களான முட்டை, மீன், பருப்பு மூன்றையும் அதே பட்டியலில் சேர்த்ததில். இவற்றுக்கு ஒவ்வாமை இல்லாதவருக்கு இவை சீழை உண்டாக்குவதில்லை. சீழ் கிருமியால் வருவது.

பாட்டியிடம் ஒன்று சொன்னேன். நம் கண்மாயில் பிடிக்கிற விரால் மீனை மலேசியாவில் ஹாருவான் என்பார்கள், அங்கே ஆபரேஷன் ஆனவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் புண் ஆறட்டும் என்று வழிவழியாக அதைத்தான் சமைத்துக் கொடுக்கிறார்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "விராலுன்னா சரி தாயி, அது பத்திய மீனுதான், முள்ளு பாத்து எடுத்துக் குடுத்துருவேன்" என்றார். அன்றைக்கு அந்த வீட்டில் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. கூடவே, சாப்பிட்டதும் போடும் வெற்றிலை பாக்கைப் பற்றியும் பேசினோம், அந்த அம்மாவுக்கும் அந்தப் பழக்கம் உண்டு. கொட்டைப்பாக்கைக் கடிக்கிற விசை அந்தத் திருகுக்கு ஆகவே ஆகாது, சுண்ணாம்பு ஈறைப் புண்ணாக்கும், அதைவிடப் பெரிய விஷயம், புகையிலை சேர்க்காவிட்டாலும் பாக்கே வாய்ப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. இதில் நான் எந்த விட்டுக்கொடுப்பும் செய்யவில்லை.

எலும்பு பிடிப்பது எப்படி, அதற்கும் சாப்பாட்டுக்கும் என்ன

1950-களில் ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரானெமார்க் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவிகளைத் திரும்ப எடுக்கப் போனபோது அவை எலும்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தன. அதிலிருந்து தொடங்கியதுதான் இந்தச் சிகிச்சை. 1965-ல் முதல் நோயாளியான யோஸ்டா லார்சனுக்கு அவர் வைத்த இம்ப்ளான்டுகள் 2006-ல் லார்சன் இறக்கும் வரை வாயில் இருந்தன. இவ்வளவு உறுதியாகப் பிடிக்கிற பொருள்தான். ஆனால் அந்தப் பிடிப்பு முதல் நாளே வருவதில்லை. முதல் நாள் இருப்பது சுவரில் அடித்த ஆணியின் பிடிப்பு மாதிரி, வெறும் இறுக்கம் மட்டும். அடுத்த சில வாரங்களில் திருகைச் சுற்றியுள்ள பழைய எலும்பு கொஞ்சம் கரைந்து, அந்த இடத்தில் புது எலும்பு வருகிறது. பழையது கரைந்து புதியது முழுதாக வராத அந்த இடைவெளி, ஏறத்தாழ இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை, திருகின் பிடிப்பு மிகக் குறைவாக இருக்கும் காலம். அந்தச் சமயத்தில் மெல்லும் விசையால் திருகு 0.1 மில்லிமீட்டர் அளவுக்குத் திரும்பத் திரும்ப அசைந்தாலே எலும்புக்குப் பதில் அதைச் சுற்றி நார்த்திசு வளர்ந்துவிடலாம். நார்த்திசு வளர்ந்தால் இம்ப்ளான்ட் நிற்காது.

இதில் என்னை எப்போதும் கவலைப்படுத்துவது ஒன்றுதான். வீக்கம் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் வலியெல்லாம் அடங்கிவிடும். தையலும் பிரித்தாயிற்று. இனி என்ன, என்று முறுக்கு டப்பாவைத் திறக்கிற நேரமும், திருகின் பிடிப்பு தளர்ந்திருக்கிற நேரமும் ஒன்றாக வருகின்றன. மருத்துவர் கொடுத்த சீட்டில் முதல் மூன்று நாளைப் பற்றித்தான் அதிகம் இருக்கும், மூன்றாவது வாரத்தைப் பற்றி ஒரு வரி இருந்தால் பெரிது. இந்த அம்மாவும் என்னிடம் முதல் கேள்வியாகக் கேட்டது, "வலியே இல்லையேம்மா, நாளைக்கு வீட்டுல விசேஷம், ஒரு சீடை வாயில போட்டுக்கலாமா?" என்பதுதான். கூடாது என்று சொல்லிவிட்டேன், இடது பக்கம்கூட வேண்டாம் என்றேன். உடைந்த சீடைத் துண்டு வாய்க்குள் எங்கே போகும் என்று யாராலும் கட்டுப்படுத்த முடியாது.

மாற்றிக் கொடுத்த சாப்பாடு

முதலில் சர்க்கரை மருத்துவரிடம் பேசினேன். மாத்திரையைக் குறைப்பதோ நிறுத்துவதோ என் வேலை இல்லை, வீட்டில் இருப்பவர்களின் வேலையும் இல்லை. சாப்பாட்டின் அளவு சரியாகும் வரை கிளிமிபிரைடைப் பாதியாகக் குறைத்தார். அறுவை சிகிச்சைக்கு முந்தின வாரமே இந்தப் பேச்சு நடந்திருந்தால் அந்த 58 வந்திருக்காது. இன்சுலின் போடுகிறவர்களும், கிளிமிபிரைட், கிளிக்ளசைட் மாதிரி மாத்திரை எடுப்பவர்களும் பல் ஆபரேஷன் தேதி குறித்த உடனேயே தங்கள் சர்க்கரை டாக்டரைப் பார்த்து, அன்றைக்குச் சாப்பாடு குறைந்தால் மருந்தை என்ன செய்வது என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அடுத்து தாளிப்பு. நம் சமையலில் மிருதுவான எல்லாவற்றின் மேலும் கடைசியில் கடினமான ஒன்றைக் கொட்டுகிறோம். தயிர் சாதத்தில் கடுகு, பொங்கலில் முழு மிளகு, ரசத்தில் கொத்தமல்லிக் காம்பு, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும் பொடியில் எள், குருமாவில் கசகசா. மருத்துவர் மிருதுவான உணவு என்கிறார், வீட்டில் குழைய வேகவைத்த தயிர் சாதம் தருகிறார்கள், இருவர் மீதும் தவறில்லை, ஆனாலும் கடுகு தையலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. தாளிக்காமல் சாப்பிட்டால் வாய்க்கு விளங்காது என்றார் அந்த அம்மா. அதுவும் நியாயம்தான், வாய்க்குப் பிடிக்காததை ஒரு மாதம் யாரும் சாப்பிட மாட்டார்கள். அதனால் நல்லெண்ணெயில் கடுகு, சீரகம், கறிவேப்பிலை, பெருங்காயம் போட்டுப் பொரியவிட்டு, கொஞ்சம் ஆறியதும் எஃகு டீ வடிகட்டியில் வடித்து, அந்த எண்ணெயை மட்டும் சாதத்தில் கலக்கச் சொன்னேன். வாசனை முழுக்க எண்ணெயில் இறங்கிவிடும், கடுகு வடிகட்டியிலேயே நின்றுவிடும். மகள் ஒரு சிறு பாட்டிலில் மூன்று நான்கு நாளுக்கு ஆகிற மாதிரி வடித்து வைத்துக்கொண்டார்.

ஒரு நாள் சாப்பாடு இப்படி வந்தது. காலையில் இரண்டு மெத்தென்ற இட்லி, அதோடு சட்னிக்குப் பதிலாக 30 கிராம் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கடைந்தது, வடித்த தாளிப்பு எண்ணெயோடு. இதிலேயே 11 கிராம் புரதம் வந்துவிடும். பதினோரு மணிக்குச் சர்க்கரை போடாத பால் ஒரு டம்ளர். மதியம் அளவான குழைந்த சாதம், முள்ளெடுத்த விரால் 100 கிராம், மிளகாய் குறைத்து மஞ்சளும் சீரகத்தூளும் சேர்த்துக் குழம்பாக இல்லாமல் வேகவைத்து மசித்தது, கொஞ்சம் தயிர். கூடவே மசித்த சுரைக்காய் அல்லது பரங்கிக்காய். மாலையில் 50 கிராம் பனீரை உதிர்த்துப் பாலில் மென்மையாக்கியது. இரவு தேங்காய்ப்பால் விட்டு ஊறவைத்த இடியாப்பம் இரண்டு, இரண்டு முட்டையில் கலக்கி. ஆம், நம் பரோட்டாக் கடைக் கலக்கிதான். வெங்காயம், மிளகு இல்லாமல், கடையில் விடுகிற அளவுக்குத் தளதளவென்று விடாமல் உள்ளே வேகும் வரை வைத்து எடுக்க வேண்டும். முட்டையில் செய்கிற எதிலும் இதைவிட மெல்லும் வேலை குறைந்தது இல்லை. படுக்கும் முன் மறுபடி பால். மொத்தம் 70 கிராமுக்கு மேல். மீன், முட்டை சாப்பிடாதவர்களுக்கு பனீர், டோஃபு, தோல் நீக்கிய பருப்புகள், கெட்டித் தயிர் ஆகியவற்றை வைத்தே ஏறத்தாழ இந்தக் கணக்கை எட்டலாம், வேளைக்கு ஒன்று என்று தவறாமல் சேர்த்தால்.

கஞ்சியை நான் ஒதுக்கவில்லை. அரிசி நொய்யோடு சரிபாதி பாசிப்பருப்பு சேர்த்து வேகவைத்து, ஆறினதும் தயிர் கலக்கிக் குடிக்கச் சொன்னேன், வெல்லம் இல்லாமல். அதே டம்ளர் கஞ்சிக்கு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவு 268-லிருந்து 176-க்கு வந்தது. மாத்திரை பாதியாகக் குறைந்திருந்த நிலையில் வந்த அளவு இது என்பதையும் கவனியுங்கள்.

வைட்டமின் சி-க்கு எல்லோரும் ஆரஞ்சு, எலுமிச்சை என்பார்கள், அவை ஆறாத புண்ணில் எரியும். கொய்யாவில் நிறைய இருக்கிறது, ஆனால் அதன் விதையைப் போல இம்ப்ளான்ட் வாய்க்குப் பகையான விதை வேறில்லை. நன்றாகப் பழுத்த பப்பாளியை மசித்துக் கொடுத்தோம். இரண்டாம் வாரத்திலிருந்து ஒரு நெல்லிக்காயை அரைத்து வடித்து மோரில் கலந்து. சிறுமலை வாழைப்பழம் பக்கத்திலேயே கிடைக்கிற ஊர், சாப்பிடாமல் இருக்கச் சொன்னால் மனசு கேட்காது, பாதிப் பழம், அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து.

குடிப்பதும் கழுவுவதும்

ஸ்ட்ரா வேண்டாம் என்பதன் காரணம் உறிஞ்சும்போது வாய்க்குள் உண்டாகும் இழுவிசை, அது காயத்தின் மேல் உறைந்த ரத்தக் கட்டியைப் பெயர்த்துவிடும். காரணம் தெரியாததால் ஸ்ட்ராவை மட்டும் ஒதுக்கிவிட்டு, சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயைச் சப்பி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நண்டுக் காலும் நெஞ்செலும்பும் அதே கணக்குதான். இளநீர் நல்லது, ஆனால் கடையில் காயோடு ஸ்ட்ரா போட்டு வாங்காமல் டம்ளரில் ஊற்றிக் குடிக்க வேண்டும். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் அதில் உள்ள பொட்டாசியத்துக்காக மருத்துவரைக் கேட்டுவிட்டே குடிக்க வேண்டும். நம் ஊர் வழக்கப்படி அண்ணாந்து குடிப்பதில் தவறில்லை, உறிஞ்சுவதுதான் கூடாது.

முதல் நாள் மரப்பு முழுதாகப் போகும் வரை எதுவும் மெல்லக் கூடாது, கீழ்த்தாடை ஊசிக்குச் சில மணி நேரம் ஆகும், அதற்குள் சாப்பிட்டால் நாக்கையும் கன்னத்தையும் கடித்துக்கொண்டு தெரியாமலே இருப்பார்கள். முதல் 24 மணி நேரம் சூடான காபி, டீ, ரசம் வேண்டாம். அதற்கப்புறம் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு போட்டு வாயில் வைத்து, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து, தானாக வழிய விட வேண்டும். குலுக்கிக் கொப்பளித்து வேகமாகத் துப்பினால் மறுபடி அந்த ரத்தக் கட்டிக்குத்தான் ஆபத்து. குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் கொடுத்திருந்தால், அதைப் போட்ட கையோடு டீ, காபி குடிக்காதீர்கள், பல்லில் பழுப்புக் கறை படியும். சில நாளைக்கு நாக்கில் ருசியும் மாறும். சாப்பாடு பிடிக்கவில்லை என்று இந்த அம்மா குறைவாகச் சாப்பிட்டதில் அதற்கும் ஒரு பங்கு இருந்தது, மருந்தால் வந்தது, போய்விடும் என்று தெரிந்ததும் அவருக்கு நிம்மதி.

மலச்சிக்கலைப் பற்றி யாரும் கேட்பதற்கு வெட்கப்படுவார்கள், ஆனால் இரண்டு வாரம் மெல்லாத சாப்பாடு என்றால் அது வந்தே தீரும். பரங்கி, சுரை, நன்றாகக் கடைந்த கீரை, பழுத்த பப்பாளி, போதுமான தண்ணீர், இதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. கீரையை இலை தெரியாமல் கடைய வேண்டும், இல்லையென்றால் ஹீலிங் கேப்பைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும்.

அதற்கப்புறம்

சாப்பாட்டை மாற்றிய பத்து நாளில் ஈறின் சிவப்பு முழுதாக அடங்கியது, ஒரு கிலோ எடை திரும்பியது, சர்க்கரை காலையில் 120-லிருந்து 140-க்குள் நின்றது. மருத்துவர் மாத்திரையைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். ஆறு வாரம் வரை முறுக்கு, சீடை, காராசேவு, கடலை, பரோட்டா, எலும்போடு இருக்கும் கறி, கரும்பு எதுவும் இல்லை. சப்பாத்தியைப் பிய்த்துப் பாலில் ஊறவைத்து ஐந்தாம் வாரத்தில் தொடங்கினோம். உப்புமாவை அதற்குப் பிறகுதான் அனுமதித்தேன். ரவை மெத்தென்றிருந்தாலும் அதன் குருணை பல் இடுக்கில் நிற்கும். புட்டும் அப்படியே.

மூன்றாம் மாத முடிவில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, எலும்பு நன்றாகப் பிடித்திருக்கிறது என்று பல் மருத்துவர் திருகுகளின் மேல் பற்களை வைத்தார். ஹெச்பிஏ1சி அப்போது 7.1. இம்ப்ளான்ட் பிடித்ததற்குச் சாப்பாடு மட்டும் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல கை வைத்த மருத்துவர், கட்டுக்குள் இருந்த சர்க்கரை, நோட்டுப் போட்டு எழுதிய மகள், எல்லாம் சேர்ந்ததுதான். ஒருவரின் கதையை வைத்து எல்லோருக்கும் விதி எழுதவும் முடியாது. மேல்தாடையில் சைனஸ் பகுதியை, அதாவது மூக்கை ஒட்டிய காற்றறையின் அடிப்பகுதியை, உயர்த்தி இம்ப்ளான்ட் வைத்தவர்களுக்கு எலும்பு பிடிக்க நான்கு முதல் ஆறு மாதம்கூட ஆகும், அவர்கள் மூக்கைச் சிந்துவதிலும் தும்மலை அடக்குவதிலும்கூடக் கவனமாக இருக்க வேண்டும். வரிசை முழுக்க ஒரே நாளில் தற்காலிகப் பல் வைத்துக்கொண்டவர்களுக்கு, பல் இருக்கிறதே என்று கடிக்கத் தோன்றும், அவர்களுக்குத்தான் மென்மையான சாப்பாடு இன்னும் கண்டிப்பாக வேண்டும்.

இப்போது அந்த அம்மா இரண்டு பக்கமும் மெல்லுகிறார். பாக்கை விட்டுவிட்டார், வெறும் வெற்றிலையில் இரண்டு ஏலக்காய் விதை வைத்து மெல்லுவதற்கு மட்டும் அனுமதி கேட்டார், கொடுத்தேன், சாப்பிட்டபின் இடுக்கு பிரஷ்ஷால் சுத்தம் செய்வதாக ஒப்புக்கொண்ட பிறகு. அவருடைய தங்கைக்கு அடுத்த மாதம் இதே சிகிச்சை. அவருக்கும் சர்க்கரை உண்டு, இன்சுலின் போடுகிறார். இந்த முறை ஆபரேஷனுக்கு முன்பே வந்துவிட்டார்கள், பாட்டியும் கூட வந்திருந்தார்.